நோட்டின் பின்பக்கம்

எங்கள் பங்கு இளைஞர் இயக்கத்துக்கென்று ஒரு நீள நோட்டு இருந்தது. காலிகோ அட்டை போட்டது. முதல் பக்கத்தின் உச்சியில் சின்னதாக ஒரு சிலுவை, அதன்கீழ் ‘இயேசு மரி சூசை’. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து பத்தரைக்குக் கூடுவோம். வந்தவர்கள் தேதிக்குக் கீழே வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்கள். நான் செயலாளராக இருந்த மூன்று வருடமும் அந்த நோட்டு என் பொறுப்பு. தொடக்கத்தில் எந்த வாரமும் நாற்பது கையெழுத்துக்குக் குறைந்ததில்லை. ஆயர் பங்கைப் பார்வையிட வந்தபோது அதைப் புரட்டிப் பார்த்து, எங்களைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஜூனில் கன்னியர் மடத்துக்கு மாற்றலாகி வந்த ஒரு சிஸ்டர் எங்கள் கூட்டத்தில் வந்து உட்கார்ந்தார். கடைசிவரை ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும் நோட்டைக் கேட்டு வாங்கினார். கையெழுத்துகளைப் பார்த்தார். பிறகு நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, கடைசித் தாளைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

“வந்தவங்க பேரு அந்தப் பக்கம் இருக்கு. வராதவங்க பேரை இந்தப் பக்கத்துல இருந்து எழுதுங்கம்மா. பேருக்கு எதிர்ல ஏன் வரலைன்னு எழுதணும். அவங்க வாயால சொன்னதை மட்டும். நீங்களா ஒண்ணும் எழுதக் கூடாது.”

அன்பியம் என்னும் தெருக் குடும்பக் குழுக்களின் பொறுப்பாளர்களிடம் குடும்பப் பட்டியல் வாங்கினோம். பதினைந்திலிருந்து முப்பது வயதுக்குள் எங்கள் பங்கில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். நாங்கள் நாற்பது பேரும் கோயிலைச் சுற்றியுள்ள நாலைந்து தெருவின் பிள்ளைகள். கல்லூரி போகிறவர்கள், ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள். இது அதுவரை எங்களில் ஒருவருக்கும் உறைத்ததில்லை. மாலை நேரங்களில் இரண்டிரண்டு பேராகக் கிளம்பினோம். எங்களுடையது நூற்பாலைகள் நிறைந்த ஊர். வீடு, ஆலை வாசல், கடைத்தெரு என்று இரண்டு மாதம் அலைந்தபின் நோட்டின் பின்பக்கம் இப்படி நிறைந்தது:

‘ஞாயித்துக்கிழமைதான் கடையில யாவாரம். எனக்கு லீவு புதன்.’

‘பகல் ஷிப்ட்.’

‘வார்டன் விடாது. மாசத்துல ஒரு ஞாயிறுதான் வெளிய வரலாம்.’

‘டூருக்கு ஆயிரத்தைந்நூறு கேட்டாங்க. அப்புறம் நான் வரலை.’

‘எனக்குப் பாட வராது.’

‘அவனுக்குக் காது கேக்காதே, வந்து என்ன செய்வான்?’ இது ஒரு அம்மா சொன்னது.

கீழத்தெருவில் மட்டும் பல வாய்களிலிருந்து ஒரே பதில் வந்தது: ‘அது மேலத்தெரு சங்கம்ல?’

பயிலரங்குகளில் ‘உள்ளடக்கிய இளையோர் பணி’ என்று சொல்கிறார்கள். ஊரில் அதற்கு எளிய சொல் ஒன்று உண்டு: ஆட்டைக்குச் சேர்த்துக்கொள்வது. தெருவில் பிள்ளைகள் விளையாடும்போது, ஓட முடியாத குட்டித் தம்பி அழுதால் அம்மா உள்ளிருந்தே குரல் கொடுப்பாள், “அவனையும் சேத்துக்கங்கடா.” சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சொல்லித்தான் சேர்ப்பார்கள். அவன் ஓடலாம், பிடிபடலாம். ஒன்றும் கணக்கில் வராது. அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு ஊனமுற்றவரின் அவமானம் கிடக்கிறது என்பதை எவ்வளவோ வருடம் கவனிக்காமல் சொல்லியிருக்கிறேன். கோயில்களில் ஏழைப் பிள்ளைகளை, கீழத்தெருப் பிள்ளைகளை, மாற்றுத்திறனாளிகளை நாம் சேர்த்துக்கொள்ளும் விதம் பெரும்பாலும் இதுதான். கிறிஸ்துமஸ் விழாவில் மேடையேற்றிப் பரிசு கொடுப்போம். கணக்கு நோட்டு, அறைச் சாவி, அடுத்த வருடம் என்ன செய்வது என்ற தீர்மானம் எதுவும் அவர்கள் கைக்குப் போகாது. எங்கள் பின்பக்கப் பட்டியலை வைத்துக்கொண்டு நாங்களும் முதலில் அதைத்தான் செய்யப் பார்த்தோம். எல்லாருக்கும் ஒரு நாள் விருந்து வைத்தோம். நூறு பேர் வந்தார்கள். அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே நாற்பது.

அப்போதுதான் சிஸ்டர் கார்டைனைப் பற்றிச் சொன்னார். ஜோசப் கார்டைன் 1882-ல் பெல்ஜியத்தில் பிறந்தவர். குருமடத்திலிருந்து விடுமுறைக்கு ஊர் வந்தபோது, கூடப் படித்த பையன்கள் ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். அதுவரை தோளில் கைபோட்டுத் திரிந்தவர்கள், இவரை எதிராளியாக, முதலாளிமாரின் ஆளாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவர் ஆயுள் முழுக்க அவரை விடவில்லை. குருவானபின் லேக்கன் பங்கில் தையல் வேலை செய்யும் பெண்பிள்ளைகளைக் கூட்டிப் பேசத் தொடங்கினார். 1925-ல் அது இளம் கிறிஸ்தவ உழைப்பாளர் இயக்கமாக உருவெடுத்தது. பார், சிந்தி, செயல்படு என்ற அந்த இயக்கத்தின் முறையைத் திருத்தந்தை இருபத்திமூன்றாம் யோவான் 1961-ல் தம் சுற்றுமடலிலேயே எடுத்துச் சொன்னார். தமிழ்நாட்டுப் பங்குகளில் மாணவர் இயக்கத்தில் இருந்த எவருக்கும் இந்த மூன்று சொல்லும் மனப்பாடம். எனக்கும் மனப்பாடம்தான். ஆனால் கார்டைன் பார்த்தது வராதவர்களின் முகத்தை என்பதும், ஆலைப் பையனுக்கு ஆலைப் பையனே திருத்தூதன் என்று அவர் நம்பினார் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

நேரத்தை மாற்றினோம். கேட்க அற்பமாக இருக்கும். கடைப் பையன்கள் ஷட்டர் இறக்க ஒன்பதாகும் என்பதால் சனிக்கிழமை இரவு ஒன்பதே கால், மாதா கெபி முன்னால். பெண்பிள்ளைகளில் பலரை அந்நேரத்துக்கு வீட்டில் விடமாட்டார்கள். அதனால் ஞாயிறு பத்தரையும் தொடர்ந்தது. ஆலை விடுதிப் பெண்கள் வெளியே வரும் ஞாயிறு எதுவோ அன்றைக்கு எல்லாருக்குமான மாதக் கூட்டம். டூரை நிறுத்தினோம். திருவிழாவுக்கு ஆளுக்கு நானூறு ரூபாய் போட்டு அச்சடிக்கும் டி-சர்ட்டை நிறுத்தினோம். அதற்குத்தான் பெரிய சண்டை. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-ல் எழுதிய ‘கிறிஸ்து வாழ்கிறார்’ ஊக்கவுரையைப் பிற்பாடு படித்தபோது, பங்குகள் திட்டமிட்டு நடத்தும் வழக்கமான பணிக்கு அப்பால், வேறு நேரமும் வேறு வேகமும் கொண்ட ஓர் எளிய மக்கள் இளையோர் பணிக்கு இடம் விட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். நேரம் என்ற சொல்லை ஒரு திருத்தந்தையின் ஏட்டில் பார்த்ததும் கெபி முன்னால் கொசு கடிக்க உட்கார்ந்திருந்த இரவுகள் நினைவுக்கு வந்தன.

கீழத்தெருவின் பதிலோ நேரத்தை மாற்றித் தீர்கிற காரியமில்லை.

அங்கே ஆறு பேர் போனோம். ஐ.டி.ஐ. முடித்த தம்பி ஒருவன் வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டான். டீ வந்தது, எவர்சில்வர் டம்ளரில். எங்களில் இரண்டு பேர் “இப்பத்தான் குடிச்சோம்” என்றார்கள். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இதைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன முகம். நான் வாங்கிக் குடித்தேன். குடித்ததை ஏதோ பெரிய காரியம் போல மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்காகப் பிறகு வெகுநாள் வெட்கப்பட்டிருக்கிறேன்.

“கூப்பிட வந்தீங்க, சந்தோசம் அக்கா. சப்பரம் எங்க தெருவுக்கு வருமா?” என்றான் அவன்.

எங்கள் பத்து நாள் திருவிழாவின் கடைசி இரவில் சப்பரம் கீழத்தெரு முக்குவரை போகும். அங்கே நிற்கும். அவர்கள் தெருவிலிருந்து வந்து மாலை போட்டு மெழுகுதிரி ஏற்றுவார்கள். சப்பரம் திரும்பிவிடும். அவர்களிடம் திருவிழா வரி வாங்குவதில்லை. ஏழைகள் என்று விட்டுக்கொடுத்த சலுகை அது என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். வரி வாங்கினால் மண்டகப்படி கொடுக்க வேண்டிவரும், சப்பரத்துக்குத் தோள் கொடுக்கும் உரிமை வரும், அதனால்தான் வாங்குவதில்லை என்று அந்தத் தம்பி நிதானமாக விளக்கினான். என்னைவிட ஆறு வயது இளையவன்.

இந்தப் பிரிவினை எங்கள் ஊரோடு நிற்பதல்ல. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-ல் ஒரு கோயில் கட்டினார்கள். பீடத்திலிருந்து இரண்டு கால்களாகப் பிரிந்து போகும் கட்டடம். ஒரு காலில் வெள்ளாளர், மறு காலில் நாடார், நடுவே சுவர். ஒரே பூசை, ஒரே நற்கருணை, ஆனால் ஒரு பக்கத்தார் முகம் மறு பக்கத்தாருக்குத் தெரியாது. 1910-ல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது; கோயிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்டவர்கள் தோற்றார்கள். இதே வடக்கன்குளத்தில்தான் 1745-ல் நட்டாலத்து நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பார்க்காமல் எல்லாரோடும் ஒன்றாக உட்கார்ந்து உண்டவர் அவர். 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் ரோமையில் அவரைப் புனிதராக அறிவித்தபோது பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ இல்லை. அதை நீக்கச் சொல்லி இங்கிருந்து போன குரல்களுக்கு வத்திக்கான் செவிசாய்த்தது. அவர் தண்ணீர் ஊற்றப்பெற்ற ஊரிலேயே, அவர் இறந்து நூற்றிருபது வருடம் கழித்து, அப்படியொரு சுவர் எழுந்தது என்பதை நான் சிலுவைப்பாதை தியானம்போல அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஞானஸ்நானம் தானாக எதையும் கழுவிவிடுவதில்லை. அதற்கு ஆள் வேண்டியிருக்கிறது.

கீழத்தெருப் பையன் அரசு அலுவலகத்துக்குப் போனால் வேறொரு சுவர். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரான தலித்துக்கு இன்றுவரை இடமில்லை. உங்கள் மதத்தில் சாதி கிடையாதே என்கிறது சட்டம். உண்டு என்று ஒவ்வொரு வருடமும் முக்கில் நின்று சொல்கிறது சப்பரம். இருபது வயதில் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒருவனைக் கிதார் வாசித்துப் பாட்டுப் பாட வா என்று கூப்பிடுவது எவ்வளவு சின்ன அழைப்பு.

பங்குப் பேரவையில் நாங்கள் சப்பரத்தைப் பற்றிப் பேசினோம். காலங்காலமான வழக்கம் என்றார்கள். கலவரம் வரும் என்றார்கள்; எறையூரைச் சொன்னார்கள். 2008 மார்ச்சில் அங்கே தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அந்தச் சாவுகளைக் காட்டி எங்களை உட்காரச் சொன்னார்கள். திருச்சபைக்குள்ளும் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு இந்திய ஆயர்கள் 2016-ல் ஒரு கொள்கை ஆவணமே வெளியிட்டார்கள். எங்கள் பேரவை மேசைக்கு அது வந்து சேரவில்லை.

தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையைக் கோயிலுக்குள் சுற்றாமல் தெருவில் நடத்தலாமா என்று பங்குச்சாமியிடம் கேட்டோம். அவருக்குப் புரிந்தது. சிலுவைக்கு வரி கிடையாது, மண்டகப்படி கிடையாது. பதினான்கு நிலைகளையும் எல்லாத் தெருவுக்கும் பிரித்தோம். கடைசி நிலை, ஆண்டவரை அடக்கம் செய்வது, கீழத்தெருச் சிற்றாலயத்தில். வேப்பமரத்தில் செய்த சிலுவை, இரண்டு ஆள் தூக்கும் கனம். ஒரு நிலைக்கு இரண்டு பேர், ஒருவர் மேலத்தெரு, ஒருவர் கீழத்தெரு என்று சீட்டெழுதினோம். உயரம் ஒத்துவராதபோது குட்டையானவர் தோளில் பாரம் இறங்கும். நெட்டையானவர் முட்டியை மடித்து நடக்க வேண்டும். ஏழாம் நிலையில் எனக்கு ஜோடியாக வந்தவள் செங்கல் சூளையில் வேலை பார்க்கும் பெண். “அக்கா, துண்டைச் சும்மாடா வச்சுக்கங்க, தோலு உரிஞ்சிரும்” என்று தன் துண்டை மடித்து என் தோளில் வைத்தாள். அவளுக்குச் சும்மாடு இல்லை. முக்கு வந்தது. சப்பரம் நிற்கிற இடத்தில் சிலுவை நிற்கவில்லை.

இதற்கு விலை இருந்தது. நாலு குடும்பம் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தியது. முன்பக்கக் கையெழுத்து இருபத்தைந்துக்கு இறங்கியது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு அந்த வருடம் எங்கள் இயக்கம் சரிந்துபோன வருடம். அந்த ஐ.டி.ஐ. தம்பியைப் பொருளாளர் ஆக்கினோம். பெட்டிச் சாவியும் ரசீதுப் புத்தகமும் அவனிடம். சப்பரம் இன்னும் முக்கில்தான் நிற்கிறது. இதை நான் மறைக்க விரும்பவில்லை.

காது கேளாத தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் காதுகேளாதோர் பள்ளி விடுதியில் படித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருந்தான். அம்மாவோடு ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு வருவான். பிரசங்கம் நடக்கும்போது முன் பெஞ்சின் சாய்மானத்தில் உள்ளங்கையை விரித்து வைத்திருப்பான். பாட்டு தொடங்கினால் ஒலிபெருக்கியின் அதிர்வு மரத்தில் வரும். அது அவனுக்கான பாட்டு. இதை எங்களில் யாரும் கண்டதில்லை, அவன் சொல்லித்தான் தெரியும். சொன்னான் என்றால், எழுதிக் காட்டினான்.

முதலில் அவனுக்காக எதையோ செய்யப் போனோம். சிஸ்டர் தடுத்தார். அவனிடம் கற்றுக்கொள்ளச் சொன்னார். சனிக்கிழமை இரவு முதல் பத்து நிமிடம் அவன் வகுப்பு. முதல் நாள் ‘இயேசு’ என்பதைக் காட்டினான்: ஒரு கையின் நடுவிரலால் மறு கையின் உள்ளங்கை நடுவைத் தொடுவது, பிறகு கை மாற்றித் தொடுவது. ஆணித் தழும்பு. இருபது வருடம் அந்தப் பெயரை வாயால் சொல்லிவந்த எனக்கு, சொல்லும்போதெல்லாம் காயத்தைத் தொட வேண்டியிருந்தது அன்றுதான். பாடகர் குழுப் பெண் ஒருத்தி விடாப்பிடியாகப் படித்து, ஆறு மாதத்தில் நற்செய்தியைக் கையால் சொல்லத் தேறினாள். பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் அவளைத் துணைக்குக் கூப்பிட அவனுக்குக் கூச்சம். திருச்சபைச் சட்டம் மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்கிறது; ஆனாலும் இருபத்திரண்டு வயதுக் கூச்சம் கூச்சம்தான். அவன் தாளில் எழுதிக் கொடுத்தான். பங்குச்சாமி படித்து, சிலுவை வரைந்து மன்னிப்பளித்து, தாளை அவனிடமே திருப்பிக் கொடுத்தார். கெபி மெழுகுதிரியில் அதைக் கொளுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான்.

பிறகு ஜார்க்கண்ட் பையன்கள். எங்கள் ஆலைகளில் சிம்டேகா, கும்லா பக்கத்து ஆதிவாசிப் பிள்ளைகள் நிறைய. சிம்டேகாவில் பாதிக்கு மேல் கிறிஸ்தவர்கள் என்பதே எங்களுக்குத் தெரியாது. எங்கள் ஊர்க் கோயில் வாசல் மரத்தடியில் நின்று பூசை கண்டுவிட்டு, முழந்தாளிட்டு எழுந்து போய்விடுவார்கள். ‘வடக்கன்ஸ்’ என்று எங்கள் பிள்ளைகளே சொன்னார்கள். அதைச் சொல்லக் கூடாது என்று முதலில் கண்டித்தது கீழத்தெருப் பொருளாளர். பேச்சு மொழி ஒத்துவரவில்லை. மாந்தர் என்று ஒரு முழவு வைத்திருக்கிறார்கள், கழுத்தில் மாட்டி இரண்டு பக்கமும் அடிப்பது. காது கேளாத தம்பி அதன் மண் உடம்பில் கை வைத்துப் பார்த்தான். அன்று முழுக்க அவன் அவர்களை விட்டு வரவில்லை.

பின்பக்கத்தில் எளிதில் எழுத முடியாத பெயர்களும் உண்டு. பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஊரைவிட்டுப் போனவள், ஜெபத்தில் நம்பிக்கை இல்லை என்று நேராகச் சொன்னவன், சேலை கட்டிய நாளிலிருந்து கோயில் பக்கம் வராத எங்கள் பழைய பீடச்சிறுவர். அவரை ஒருநாள் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். “நோட்டுல எம் பேரு இருக்கா அக்கா? பழைய பேரா புதுப் பேரா?” என்று கேட்டார். 2023 ஆகஸ்டில் லிஸ்பனில் லட்சக்கணக்கான இளைஞர் முன்னால், திருச்சபையில் எல்லாருக்கும் இடமுண்டு என்று சொல்லி, ‘எல்லாரும், எல்லாரும், எல்லாரும்’ என்று கூட்டத்தையே திரும்பச் சொல்ல வைத்தார் பிரான்சிஸ். கைப்பேசியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்விதான் என் காதில் விழுந்தது. புதுப் பெயரை எழுதினேன். எதிரே என்ன எழுதுவது என்று அவரிடம் இன்னும் கேட்கவில்லை.

நான் செயலாளர் பொறுப்பை விட்டுப் பல வருடமாகிறது. இப்போதும் சனிக்கிழமைகளில் போய் ஒரு ஓரத்தில் உட்காருவேன். போன வாரம் நல்ல தூறல். கெபி முன்னால் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதே கால் ஆகியும் தொடங்கவில்லை. இப்போதைய செயலாளர், ஆலைப் பெண் ஒருத்தியின் தங்கை, நோட்டை மடியில் வைத்து மூடாக்கினுள் பொத்திக்கொண்டிருந்தாள். சைகையில் யாரோ ஏதோ கேட்க, அவளும் சைகையிலேயே பதில் சொன்னாள். என்ன என்று கேட்டேன்.

“பாத்திரக் கடைத் தம்பி இன்னும் வரலை அக்கா. இன்னிக்கு மொத முறை வர்றான். ஷட்டர் சிக்கிருச்சாம்.”

மணி ஒன்பதரை. சிலுவை அடையாளம் போடாமல் எல்லாரும் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.